கோடியக்கரையார் வீட்டு மையத்துப் படம்

புதுச்சேரி முல்லா வீதியில் வந்து மஹீரா வீடு எது என்று கேட்டால், எந்த மஹீரா என்று திருப்பிக் கேட்பார்கள். ஸ்கூட்டி மஹீரா என்று சொல்லிப் பாருங்கள், வாசல்வரை கொண்டுவந்து விட்டுவிட்டுத்தான் மறுவேலை பார்ப்பார்கள். லாஸ்பேட்டை ஹெலிபேட் மைதானத்தில் தினமும் காலையில் பெண்களுக்கு வண்டி ஓட்டச் சொல்லித்தருவது அவள் தொழில். புருஷன் மவுத்தாகி விதவையான பிறகு அவள் இதில் இறங்கியபோது, தெருவின் பெரிய மனுஷர்கள் இரண்டு பேர் வீட்டுக்கே வந்து புத்தி சொன்னார்கள். வீட்டோடு உட்கார்ந்து ஜாக்கெட் தைக்கலாமே என்றார்கள். மஹீரா டீ கொடுத்தாள். அவர்கள் குடித்து முடிக்கட்டும் என்று இருந்தாள். டம்ளரை வாங்கிக்கொண்டு சொன்னாள்: "எனக்கு ஊசியில நூல் கோக்கவே வராதுங்க. வண்டி தான் வரும். ஒங்க வூட்டு மருமவளுக்குக் கத்துக்கணும்னு ஆசை இருந்தா அனுப்பி வைங்க, நல்லா சொல்லித் தர்றேன்." வந்தவர்கள் செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார்கள். அதில் ஒருவருடைய மருமகள் அடுத்த மாதமே மைதானத்தில் வந்து நின்றாள்.

அப்பேர்ப்பட்ட வாய்க்காரிக்கும் ஒரு சொல்லைக் கேட்டால் மட்டும் ரத்தம் கொதிக்கும். கோடியக்கரை. அவள் பிறந்த வீட்டுக்குத் தெரு வைத்த பட்டப்பெயர் அது. கோடியக்கரையார் வீடு. பள்ளிக்கூடத்தில் வம்புக்கு இழுக்க வேண்டுமென்றால் பிள்ளைகள் இந்த ஒரு வார்த்தையைச் சொல்லிவிட்டு ஓடுவார்கள். அவள் விடமாட்டாள், துரத்திப் பிடித்து இரண்டு வைப்பாள். வீட்டுக்கு வந்து அத்தா கையால் நாலு வாங்குவாள்.

விஷயம் இதுதான். மஹீராவின் அத்தா, அதாவது அப்பா, யாகூப். யாகூபின் அத்தா ஜமால் முகம்மது. பிரெஞ்சுக்காரன் காலத்தில், பெரிய யுத்தம் நடந்துகொண்டிருந்தபோது, ஜமால் பட்டாளத்தில் சேர்ந்து கப்பல் ஏறினார். புதுச்சேரியில் சிப்பாயைச் சொல்தா என்பார்கள். சொல்தா ஜமால் என்று மாலை போட்டு அனுப்பி வைத்தார்கள். அப்போது அவர் பெண்டாட்டி ரோஷன் பீவி வயிற்றில் யாகூப். கப்பல் போனதோடு சரி, ஒரு தகவலும் இல்லை. யுத்தம் முடிந்த பிறகு, காரைக்காலில் கப்பல் வேலை பார்த்த ஒருவர் ஒரு போட்டோவைக் கொண்டுவந்து ரோஷன் பீவி கையில் கொடுத்தார். "இது ஒங்க வூட்டுக்காரர் மையத்தும்மா. கைமாறிக் கைமாறி எங்கிட்ட வந்துச்சு. எந்த ஊருன்னு எனக்குத் தெரியல" என்றார். அதற்கு மேல் அவருக்கும் சொல்ல ஒன்றும் இல்லை.

படம் உள்ளங்கையை விடக் கொஞ்சம் பெரியது. கல்லும் மண்ணுமாக ஒரு வெட்டவெளி. ஆண்கள் வரிசை கட்டி, கையைக் கட்டிக்கொண்டு ஜனாஸா தொழுகையில் நிற்கிறார்கள். அவர்களுக்குப் பின்னால் ஏதோ மேட்டில் நின்று எடுத்திருக்கிறார்கள். தொளதொள நிஜார், தலையில் சுற்றிய துணி. பாதிப் பேர் நல்ல உயரம், நல்ல கறுப்பு. முன்னால் தரையில் வெள்ளைத் துணியில் சுற்றிய உடல், மையத்து. இடது கைப்பக்கம் கடல். வலது ஓரத்தில் ஒரு சின்ன வெள்ளைக் குவிமாடம், அதன் வெளிச்சுவரை ஒட்டி வளைந்து ஏறும் கல்படி. நிழல்கள் எல்லாம் அவர்களுக்குப் பின்னால், படம் பார்ப்பவரை நோக்கி நீண்டு கிடக்கின்றன.

யாகூபுக்கு மீசை முளைத்த வயதில் அந்தப் படத்தை வைத்துக்கொண்டு அவர் ஒரு கணக்குப் போட்டார். தப்பு சொல்ல முடியாத கணக்கு. தொழுகிறவர்கள் தொழும் திசையான கிப்லாவை நோக்கி நிற்கிறார்கள். கிப்லா என்றால் மேற்கு. இந்த ஊரில் பிறந்த எந்த முஸ்லிமைத் தூக்கத்தில் தட்டி எழுப்பிக் கேட்டாலும் மேற்கு என்றுதான் சொல்வான், கையும் அந்தப் பக்கம்தான் நீளும். மேற்கே பார்த்து நிற்பவனுக்கு இடது கைப்பக்கம் கடல் என்றால், கடல் தெற்கே இருக்கிறது. நம் கரையில் கடல் கிழக்கே அல்லவா? காலாப்பட்டிலிருந்து காரைக்கால் வரைக்கும் கிழக்கேதான். தெற்கே கடல் வேண்டுமென்றால் கரை திரும்புகிற இடத்துக்குப் போக வேண்டும். கோடியக்கரை. நிழல் பின்னால் விழுவதால் வெயில் முகத்தில், ஆக, சாயங்காலம். எல்லாம் பொருந்திவிட்டது.

போனார். பஸ் மாறி மாறிப் போய் அந்தக் கரையெல்லாம் அலைந்தார். குவிமாடம் இல்லை. புயலில் போயிருக்கும் என்று யாரோ சொன்னார்கள். யுத்த காலத்தில் இங்கே கள்ளத்தோணியில் சரக்கு ஏற்றி இறக்கியவர்கள் உண்டு, வெளியூர் ஆட்கள் செத்ததும் உண்டு என்று இன்னொருவர் சொன்னார். யாகூபுக்கு அது போதுமானதாக இருந்தது. அத்தா யுத்தத்துக்கே போகவில்லை, கப்பல் காரைக்காலில் நின்றபோது இறங்கி ஓடிவிட்டார், கள்ளக்கடத்தலில் சேர்ந்தார், பஸ்ஸில் போய்ச் சேரும் தூரத்தில் இருந்துகொண்டு பெண்டாட்டி பிள்ளையை எட்டிப் பார்க்காமலே செத்தார் என்று முடிவு கட்டினார். ஊருக்கு வந்து அதை அவர் யாரிடமும் மறைக்கவில்லை. கோபத்தில் வாசலில் நின்று சொன்னார். தெரு கேட்டுக்கொண்டது, பட்டப்பெயர் வைத்தது.

அன்றிலிருந்து யாகூப் ஒரு காரியம் செய்தார். வருஷா வருஷம் நோன்புக்கு முன்னால் வரும் பராத் இரவில் வீட்டில் பாத்தியா ஓதும்போது, மவுத்தானவர்கள் பெயரை எல்லாம் ஒவ்வொன்றாகச் சொல்லித் துஆ கேட்பார்கள். பூட்டன் பெயர் வரும், பாட்டன் பெயர் வரும், பெரியத்தா சின்னத்தா பெயர் எல்லாம் வரும். ஜமால் முகம்மது என்ற பெயர் மட்டும் வராது. ரோஷன் பீவி தலையில் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு உள்ளே உட்கார்ந்திருப்பார். மகன் வாயிலிருந்து அந்தப் பெயர் வருமா என்று பார்த்துப் பார்த்தே அவர் காலம் முடிந்துவிட்டது.

மஹீராவுக்கு இது சின்ன வயதிலிருந்தே ஆறவில்லை. பெட்டியிலிருந்து படத்தை எடுத்து வைத்துக்கொண்டு ஒருநாள் கேட்டாள், "அத்தா, கோடியக்கரைன்னா ஒரு பனமரம்கூடவா இருக்காது?" பளார் என்று ஒன்று விழுந்தது. கன்னத்தைப் பிடித்துக்கொண்டு மறுபடியும் கேட்டாள், "இல்லயே, ஒண்ணுகூட இல்லயே." இன்னொன்று விழுந்தது. அழவில்லை. அழுதால் அத்தா ஜெயித்த மாதிரி ஆகிவிடும் என்று நினைத்தாள். வளர்ந்து, கல்யாணமாகி, ஒரு பெண்ணைப் பெற்று, அந்தப் பெண்ணையும் கட்டிக்கொடுத்த பிறகும் அவள் அந்த ஒரு விஷயத்தில் இறங்கி வரவில்லை. பாத்தியா முடிந்ததும் சத்தமாக, எல்லாரும் கேட்கும்படி, "ஜமால் முகம்மது" என்று சொல்லி ஆமீன் போடுவாள். யாகூப் எழுந்து வெளியே போய்விடுவார். வருஷா வருஷம் இதே கூத்துதான்.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். அவளுக்கும் கிப்லா மேற்குதான். பனைமரத்தைச் சந்தேகப்பட்டாள், அந்தக் கறுத்த ஆட்களைச் சந்தேகப்பட்டாள், அந்த மேற்கைச் சந்தேகப்பட அவளுக்கும் தோன்றவில்லை.

அவள் மகள் சானியா, பிரான்ஸ் பிரஜையான புதுச்சேரிக்காரன் ஒருவனைக் கட்டிக்கொண்டு பாரீசுக்குப் பக்கத்தில் இருக்கிறாள். அங்கே ஒரு நாள் முன்னாடியே பெருநாள் வந்துவிட்டது. இங்கே மஹீரா கடைசி நோன்பில் நாக்கு உலர்ந்து படுத்திருந்த மத்தியான நேரத்தில் சானியா வீடியோ அனுப்பினாள். பெரிய மைதானம், ஆயிரக்கணக்கில் ஜனம், பெருநாள் தொழுகைக்கு வரிசை கட்டி உட்கார்ந்திருக்கிறார்கள். எல்லாருக்கும் முகத்தில் வெயில். நெற்றியில் கையை வைத்து மறைத்துக்கொண்டும் கண்ணைச் சுருக்கிக்கொண்டும் உட்கார்ந்திருக்கிறார்கள். பார்த்ததும் மஹீராவுக்கு ஏதோ ஒட்டவில்லை. பெருநாள் தொழுகை என்றால் இங்கே முதுகு சுடும். காலை வெயில் பிடரியில் அடித்து, குத்பா பிரசங்கம் முடிவதற்குள் சட்டை நனைந்துவிடும் என்று ஆண்கள் புலம்புவார்கள். முகத்தில் எப்படி வெயில் வரும்?

உடனே போன் போட்டாள். "என்னாடி, சாயங்காலமா பெருநா தொழுவுறீங்க?"

"காலையிலதாம்மா. இப்பத்தான் முடிஞ்சுது."

"அப்புறம் எப்படிடி மூஞ்சில வெயிலு? மேற்கால பாத்து ஒக்காந்தா முதுகுலல்ல அடிக்கணும்?"

சானியா சிரித்தாள். "மேற்காலயா? இங்கேருந்து மக்கா கிழக்காலம்மா. நாங்க தாண்டி வந்துட்டோம்ல?"

மஹீரா எழுந்து உட்கார்ந்தாள். போனில் பழைய படம் இருந்தது, அத்தாவுக்குத் தெரியாமல் எப்போதோ எடுத்து வைத்தது. விரலால் பெரிதாக்கிப் பார்த்தாள். முகத்தில் வெயில். சாயங்காலமாகத்தான் இருக்க வேண்டும் என்று யார் சொன்னது? காலையாகவும் இருக்கலாம். மக்காவுக்கு அந்தப் பக்கத்து ஊர் எதுவாக இருந்தாலும் அவர்கள் கிழக்கேதானே பார்த்து நிற்பார்கள்? கிழக்கே பார்த்து நிற்பவனுக்கு இடது பக்கம் கடல் என்றால், கடல் வடக்கே. கோடியக்கரையில் ஏது ஐயா வடக்கே கடல்? கோபம் வந்ததா, சந்தோஷம் வந்ததா என்று அவளுக்கே தெரியவில்லை. "சானியா, போனை வைக்காத. ஒன்னோட பூட்டனைத் தப்பான தெசையில வச்சுத் திட்டித் தீத்துட்டாங்கடி" என்று கத்தினாள்.

அதன் பிறகு ஆத்தாளும் மகளும் சும்மா இருப்பார்களா? சானியா அங்கே இருக்கிற புதுச்சேரி சொல்தா குடும்பங்களில் விசாரித்தாள். அந்த யுத்தத்துக்குப் போன நம்மூர் ஆட்கள் சிலர் லிபியாப் பாலைவனத்தில் சண்டை போட்டார்கள் என்றும், ஆப்பிரிக்கச் சிப்பாய்கள் அவர்களோடு ஒன்றாக நின்றார்கள் என்றும் ஒரு வீட்டில் சொன்னார்கள். படத்திலிருந்த உயரமான கறுத்த ஆட்கள் அந்த ஆப்பிரிக்கச் சிப்பாய்கள்தான் என்று மஹீரா அப்போதே முடிவு கட்டிவிட்டாள். லிபியாவின் வரைபடத்தைப் பார்த்தால் கரை முழுக்கக் கடல் வடக்கேதான். சானியா அந்தக் கரையோர ஊர்க்காரர்கள் இருக்கும் முகநூல் குழுக்களில் படத்தைப் போட்டு, இந்தக் குவிமாடம் யாருக்காவது தெரியுமா என்று கேட்டாள். நாள் போனது. யார் யாரோ எதை எதையோ சொன்னார்கள். ஒருவன் கேலி பண்ணினான். மஹீரா விடாமல் தினமும் காலையில் போன் போட்டு, "பதில் வந்துச்சா?" என்று கேட்டு சானியா உயிரை எடுத்தாள்.

வந்தது. லிபியாவில் தொப்ரூக் ஊர்ப்பக்கம் பள்ளிக்கூடத்தில் பாடம் சொல்லித்தரும் ஒருவர் ஒரு படம் அனுப்பியிருந்தார். காலை நேரத்தில் ஒரு மேட்டில் நின்று எடுத்த படம். இடது பக்கம் கடல். வலது ஓரத்தில் வெள்ளைக் குவிமாடம். அதே வளைந்த கல்படி, ஒரு பக்கம் இடிந்து சிமெண்ட் பூசியிருந்தார்கள். நடுவே தாழ்வான கற்களாக நாலைந்து கபுறுகள், பழைய கல்லறைகள். கீழே அவர் எழுதியிருந்ததைச் சானியா படித்துச் சொன்னாள்: யுத்தத்தில் இறந்த வெளிநாட்டு முஸ்லிம் சிப்பாய்கள் இங்கே அடங்கியிருக்கிறார்கள் என்று எங்கள் பாட்டனார் சொல்வார். எந்த ஊர்க்காரர்கள் என்று எங்களுக்குத் தெரியாது. பெருநாளைக்குப் பெருநாள் போய் ஓதிவிட்டு வருவோம்.

மஹீரா அன்றைக்கு மைதானத்துக்குப் போகவில்லை. நேராக அத்தா முன்னால் போய் நின்றாள். யாகூபுக்கு எண்பது தாண்டிவிட்டது. மார்க்கெட்டில் குடையும் டார்ச்லைட்டும் விற்ற கடையை எப்போதோ கொடுத்துவிட்டு, பேப்பரும் பள்ளிவாசலுமாக இருக்கிறார். காது கேட்கும், கண் தெரியும், பிடிவாதத்துக்கு வயசே ஆகவில்லை. இரண்டு படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினாள்.

"எவனோ எங்கேயோ ஒரு தர்கா கட்டியிருப்பான். அதுக்கு?" என்றார்.

"கடலப் பாருங்க அத்தா."

"கிப்லா மேற்கு. மேற்கால பாத்தா கடல் தெற்கு. இத நான் நீ பொறக்கறதுக்கு முன்னாடியே பாத்துட்டேன்."

"கிப்லா மேற்குன்னு குர்ஆன்ல எழுதியிருக்கா? மக்காவுல கஃபா இருக்கற தெசைதான் கிப்லா. கஃபாவுக்கு அந்தாண்ட இருக்கறவன் மேற்கால பாத்தா, கஃபாவுக்கு முதுகக் காட்டிட்டா தொழுவான்?"

யாகூப் வாயைத் திறந்தார். மஹீரா விடவில்லை.

"நீங்க ஹஜ்ஜுக்குப் போய்ட்டு வந்தீங்கல்ல? அங்க ஹரம் பள்ளியில எப்படி நின்னாங்க? எல்லாருமா மேற்கால பாத்து நின்னாங்க? ஒங்களுக்கு எதுத்தாப்புல ஒருத்தன் ஒங்க மூஞ்சியப் பாத்துக்கிட்டு நிக்கல?"

யாகூப் மூக்குக் கண்ணாடியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். அங்கே அவர் நின்றிருக்கிறார், நடுவில் கஃபா, அதற்கு அந்தப் பக்கம் ஜனம் இவரை நோக்கித்தான் நின்றது. எத்தனை நாள் பார்த்திருப்பார்! பார்த்துவிட்டு ஊருக்கு வந்து மறுபடியும் மேற்கையே பிடித்துக்கொண்டிருந்தார். ரொம்ப நேரம் இரண்டு படங்களையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். பிறகு கேட்டார்.

"அந்த வாத்தியாரு... பெருநாளைக்குப் போய் ஓதுறேன்னாரா?"

"ஆமாத்தா. அவங்க பாட்டன் காலத்துலேருந்தே."

"யாருன்னே தெரியாம?"

"யாருன்னே தெரியாமதான்."

யாகூப் அழுதார். மஹீரா தன் வாழ்நாளில் அத்தா அழுது பார்த்ததில்லை. பெத்தவருக்குப் பிள்ளை ஓதவில்லை, கண் காணாத ஊர்க்காரன் ஓதியிருக்கிறான். அந்த வெட்கம் அவரை ஒரு உலுக்கு உலுக்கிவிட்டது. மஹீராவுக்கு ஆறுதல் சொல்ல வரவில்லை. இத்தனை வருஷத்துக் கோபம் அவ்வளவு லேசில் போய்விடுமா? எழுந்து போய்த் தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள், அவ்வளவுதான்.

தண்ணீரைக் குடித்ததும் பழைய யாகூப் திரும்பிவிட்டார். சட்டையை மாட்டினார். "வண்டிய எடு, பள்ளிக்குப் போவணும்" என்றார்.

இமாம் சின்ன வயசுக்காரர், பொறுமையானவர். யாகூப் கேட்டது காயிப் ஜனாஸா, அதாவது மையத்து முன்னால் இல்லாமலே தொழும் ஜனாஸா தொழுகை. இமாம் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, தயங்கித் தயங்கிச் சொன்னார். "பாவா, நம்ம மத்ஹபு சட்டத்துல காயிப் ஜனாஸா உண்டு. ஆனா அவங்க மவுத்தான நேரத்துல தொழுகை கடமையான வயசுல இருந்தவங்கதான் தொழலாம்னு கிதாபு சொல்லுது. நீங்க அப்போ ஒண்ணு வயித்துல இருந்திருப்பீங்க, இல்ல கைக்கொழந்தை. இன்னிக்கு உசுரோட இருக்கற யாருமே அவருக்குத் தொழ முடியாது பாவா. துஆ கேக்கலாம். அதுக்கு எந்தத் தடையும் இல்ல."

பக்கத்தில் இருந்த நிர்வாகக் கமிட்டிக்காரர் ஒருவர் இழுத்தார், "எம்பது வருஷம் கழிச்சு எதுக்குங்க இதெல்லாம் ஊரறிய? வூட்டோட கேட்டுக்கிட்டா பத்தாதா?"

யாகூப் அவர் பக்கம் திரும்பினார். "கோடியக்கரையார் வூடுன்னு ஊரறியத்தான கூப்புட்டீங்க? அப்ப இதயும் ஊரறியத்தான் கேக்கணும்."

இமாம் சிரிப்பை அடக்கிக்கொண்டு, வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்ததும் கேட்கலாம், நானே ஓதுகிறேன் என்றார். யாகூப் வேண்டாம் என்றுவிட்டார். நான்தான் ஓதுவேன் என்றார்.

வெள்ளிக்கிழமை மஹீரா அவரை வண்டியில் கொண்டுவந்து இறக்கிவிட்டு, பள்ளிவாசலுக்கு எதிர்ப்புறம் மர நிழலில் நின்றாள். தொழுகை முடிந்து ஸலாம் கொடுத்தார்கள். ஒலிபெருக்கியில் யாரோ மைக்கைத் தட்டும் சத்தம் கேட்டது, பிறகு யாகூபின் குரல். நடுக்கம் இல்லை. கடையில் நின்று ஆள் கூப்பிடுகிற பழைய குரல்.

"அஸ்ஸலாமு அலைக்கும். நான் யாகூப். எங்க அத்தா பேரு ஜமால் முகம்மது. இந்தத் தெருவுலேருந்து யுத்தத்துக்குப் போனவரு. லிபியாவுல, கடலோரத்துல அடங்கியிருக்காரு. அவரு ஓடிப் போவல. ஓடிப் போய்ட்டாருன்னு மொதல்ல சொன்னவனே நான்தான். இப்ப அதே வாயால சொல்றேன், ஓடிப் போவல. அவருக்கு துஆ கேக்கப் போறேன். இஷ்டம் இருக்கறவங்க ஆமீன் சொல்லுங்க. இல்லாதவங்க எழுந்து போவலாம்."

யாரும் எழுந்து வெளியே வரவில்லை. அவர் ஓத ஆரம்பித்தார். ஒவ்வொரு இடத்திலும் ஆமீன் எழுந்தது. முதலில் முன்வரிசையில் மட்டும், பிறகு மாடியிலிருந்தும் சேர்ந்து வந்தது. பூட்டன் பாட்டன் யாரையும் அவர் சேர்க்கவில்லை. ஒரே பெயரைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னார், இத்தனை வருஷம் சொல்லாமல் விட்டதை எல்லாம் ஒரே நாளில் சொல்லித் தீர்க்க வேண்டும் என்பது போல. மஹீரா ரோட்டில் நின்றபடியே கையேந்தினாள். போகிற வருகிறவர்கள் பார்த்தார்கள். பார்த்தால் பார்க்கட்டும் என்று நின்றாள். கண்ணீர் அது பாட்டுக்கு வந்துகொண்டிருந்தது.

கூட்டம் கலைந்து வெளியே வந்தது. யாகூப் படியிறங்கி வாசலில் நின்றார். முதலில் வந்தவர் அவர் கையைப் பிடித்து, தோளோடு அணைத்துவிட்டு நகர்ந்தார். அவருக்குப் பின்னால் அடுத்தவர். அடுத்தவர். யாரும் சொல்லி வைக்கவில்லை. மையத்து வீட்டில் பிள்ளையிடம் துக்கம் விசாரிக்கிற மாதிரி வரிசையாக வந்தார்கள். கமிட்டிக்காரரும் வந்தார், அவரும் அணைத்தார்.

வெளியூர்ப் பையன் ஒருவன், ஜும்ஆவின் கடைசியில் ஓடிவந்து சேர்ந்தவன் போலிருக்கிறது, வரிசையைப் பார்த்துத் தானும் நின்று யாகூபின் கையைப் பிடித்தான். "அத்தாவா பாவா? எப்ப மவுத்து?" என்று கேட்டான்.

"இப்பத்தாம்ப்பா சேதி வந்துது" என்றார் யாகூப்.